ஹோலோசன் 507சி: வட்டம் போட்டுக் கொடுக்கும் பாடம்

இரும்புக் குறியிலேயே (துப்பாக்கியின் மேல் இருக்கும் சாதாரண முன்குறி, பின்குறி) பழகிய கைக்கு, கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் ரெட் டாட் சைட் மாட்டிய பிஸ்டலைக் கொடுத்தால் முதலில் புள்ளியே தெரியாது, வெறும் கண்ணாடிதான் தெரியும். கருவி கெட்டிருக்காது. குழல் முனை கொஞ்சம் தூக்கலாக வந்திருக்கும். புள்ளி மேல் விளிம்பைத் தாண்டிப் போயிருக்கும்.

ஹோலோசனின் 507சி என்ற ரெட் டாட் எனக்குப் பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான். 2 எம்.ஓ.ஏ. புள்ளி, அதைச் சுற்றி 32 எம்.ஓ.ஏ. வட்டம் (எம்.ஓ.ஏ. என்பது கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). புள்ளி மட்டும், வட்டம் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மாற்றிக்கொள்ளலாம். 10 மீட்டர் தூரத்தில் புள்ளி மறைப்பது 6 மி.மீ.க்குள், வட்டமோ 9 செ.மீ. அகலம். அதனால் புள்ளி விளிம்பைக் கொஞ்சம் தாண்டிப் போனாலும் வட்டத்தின் ஒரு வளைவு ஏதாவது ஓரத்தில் மாட்டும். மேலே தெரிகிறதா, முனையை இறக்கு. இடப்பக்கம் தெரிகிறதா, வலப்பக்கம் கொண்டு வா. பக்கத்தில் ஆள் நின்று சொல்லித் தருவது போலத்தான். தலையை ஆட்டிப் புள்ளியைத் தேடினால் மட்டும் எதுவும் பழகாது. கை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்கு வரவேண்டும். இதற்குத் தோட்டா செலவே இல்லை. தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு வெறும் கையோட்டமாகச் செய்தாலே போதும்.

அடுத்த சிக்கல் கண். முன்குறியையே உற்றுப் பார்த்த பழக்கம் புள்ளியையும் உற்றுப் பார்க்கச் சொல்லும். பார்வை இலக்கில்தான் நிற்கவேண்டும். கண்ணாடியின் முன்பக்கம் டேப் ஒட்டி, இரண்டு கண்ணையும் திறந்து பாருங்கள். ஒரு கண்ணுக்குப் புள்ளி, மறு கண்ணுக்கு இலக்கு. மூளை இரண்டையும் சேர்த்துவிடும். புள்ளியை முறைத்தீர்களோ, இலக்கு மறைந்துபோகும்.

அப்புறம் நடுக்கம். புள்ளி ஆடுவதைப் பார்த்துப் பலர் மிரண்டு, நடுவுக்கு வரும்போது டக்கென்று டிரிகரை இழுக்கிறார்கள். அங்கேதான் குறி தப்புகிறது. ஆடட்டும், விரல் நிதானமாக வந்தால் சரி.

வெளிச்சத்தைக் கூட்டி வைத்தால் புள்ளி பூவாக விரியும். குறைத்தும் விரிந்தால் செல்போன் கேமராவில் பாருங்கள். அதில் புள்ளி உருண்டையாகத் தெரிந்தால் கோளாறு கண்ணில், அஸ்டிக்மாடிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாத பார்வைக் குறை).

பேட்டரி பக்கவாட்டுத் தட்டில் இருப்பதால் சைட்டைக் கழற்றாமலே சி.ஆர். 1632 பேட்டரியை மாற்றலாம். ஜீரோ, அதாவது புள்ளியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகச் சேரும்படி செய்துவைத்த அமைப்பு, கலையாது. மாட்டும்போது திருகு தளராமல் இருக்க அதற்கான பசை போட்டு, பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். திருகு நகர்ந்தால் உடனே தெரியும். திறந்த வகை என்பதால் மழைத்துளியோ பஞ்சோ புள்ளியைக் காட்டும் விளக்கின் மேல் விழுந்தால் புள்ளி சிதறும். மழையில் அதிகம் சுடுபவர்கள் விளக்கு உள்ளே அடைபட்டிருக்கும் மூடிய வகையைப் பார்ப்பது நல்லது.

கை ஏற்கனவே பழகிவிட்டது, வட்டம் வேண்டாம் என்றால் 407சி போதும், அதில் புள்ளி மட்டும்தான். புதிதாக மாறுபவர்கள் 507சி வாங்குங்கள்.