மண் பேர்மிட் புதுப்பித்துத் தாறன் என்று வருபவரிடம் கவனம் (மட்டக்களப்பு மாவட்டம் கிரான், சித்தாண்டி, செங்கலடி ஆட்களுக்கு)

ஆற்று மண் பேர்மிட் வைத்திருக்கிற சின்ன ஆட்களுக்குத்தான் இந்தப் பதிவு. ஒரு உழவு மெசின், இரண்டு மூன்று மண்வெட்டி, அதோடு பிழைப்பவர்களுக்கு. டிப்பர் முதலாளிமாருக்கு ஃபைல் பார்க்கத் தனியாக ஆள் இருக்கும். நமக்கு அப்படி ஆள் இல்லாததால்தான் புரோக்கர்மாருக்குப் பிழைப்பு நடக்கிறது.

முந்தனையாற்றில் மண் எடுக்க எனக்கு ஒரு வருடப் பேர்மிட் இருந்தது. முடிகிற திகதிக்கு முன்பே ஜீ.எஸ். (கிராம சேவகர்), டி.எஸ். (பிரதேச செயலாளர்) சிபாரிசெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். அப்போதுதான் அந்தப் புரோக்கர் வந்தார். எங்கள் பக்கம் முதல் வருடம் சிலருக்கு ஒழுங்காகவே எடுத்துக் கொடுத்தவர். "அண்ணே, நீங்க ஏன் டவுனுக்கும் ஊருக்கும் அலையிறீங்க? ஃபைலைத் தாங்க, ஒரு கிழமையில கையில தாறன்." பழைய பேர்மிட், பழைய ரசீது, காசு எல்லாம் அவர் கைக்குப் போனது. கொஞ்ச நாளில் வாட்ஸ்அப்பில் ரசீதின் படம் வந்தது. அதற்குப் பிறகு மண்ணை ஏற்றிக்கொண்டு போவதற்கான போக்குவரத்துப் பேர்மிட் தாள்களும் கொண்டுவந்து தந்தார். "இனிப் பயமில்லாம ஏத்துங்க."

சோதனைச் சாவடியில் நின்றவர் தாளை டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு டிரைவர் தம்பியிடம் கேட்டது இது: "வெலிகந்தையில ஏத்தின மண் ஆத்துப் பக்கமிருந்து எப்படி வருது?" தாளில் ஏற்றும் இடம் பொலன்னறுவை மாவட்டத்து வெலிகந்தை, அங்கே பேர்மிட் உள்ள வேறு யாருடையதோ தாள் அது. எங்கள் மெசின் நம்பர் மட்டும் வேறு பேனையால், மற்ற எழுத்தைவிடத் தடிப்பாக இருந்தது. மெசினும் மண்ணும் பொலிசுக்கு, அங்கிருந்து கோர்ட்டுக்கு. மெசின் கோர்ட் வளவில் நின்றாலும் லீசிங் காசு மாதாமாதம் கட்டத்தானே வேணும்.

பேர்மிட் கொடுக்கிற புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் மாவட்ட அலுவலகத்தில் போய்க் கேட்டேன். என் பேரில் இந்த வருடம் விண்ணப்பமே வரவில்லை. ரசீதுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், போன வருட ரசீதின் அதே இலக்கம், வருடத்தின் கடைசி இலக்கம் மட்டும் மாறியிருக்கிறது. ஃபைலில் கோர்க்க நான் போட்ட ஓட்டைகூட அந்தப் படத்தில் தெரிந்தது! மனுசன் அதை மறைக்கக்கூட மினக்கெடவில்லை.

போனில் பிடித்துக் கேட்டதற்கு அவர் சொன்ன கதைகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும், உங்களுக்கும் இதையேதான் சொல்வார். முதல் கதை: "பிரதேச சபை லைசன் டிசம்பர் வரைக்கும் இருக்குதானே, அது காணும்." காணாது. சபை லைசன் எந்த மாதம் எடுத்தாலும் டிசம்பர் 31இல் முடியும். மண் தோண்டுகிற அகழ்வுப் பேர்மிட் அதில் அடித்திருக்கிற திகதியில் முடியும். ஒன்று இருப்பதால் மற்றது நீளாது. இரண்டாவது கதை: "மண் ஏத்தப் பேர்மிட் தேவையில்லையெண்டு அரசாங்கமே சொல்லிட்டு." 2019 டிசம்பரில் அமைச்சரவை அப்படி முடிவெடுத்தது உண்மை. 2020இல் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியதும் உண்மை. பாதிச் செய்தியை வைத்துத்தான் இந்த ஆட்கள் பிழைக்கிறார்கள். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி தோண்டவும் அனுமதி வேணும், ஏற்றிக்கொண்டு போகவும் அனுமதி வேணும். காணி உங்களுடையது என்றாலும் நிலத்துக்கடியில் உள்ள கனியம் அரசுக்குரியது.

பொலிசில் முறைப்பாடு கொடுத்தாயிற்று. காசை இன்னொருவரிடம் கொடுத்ததாகச் சொல்கிறாராம், அந்த இன்னொருவருக்குப் பேரும் இல்லை ஊரும் இல்லை.

இப்போது யாரிடமாவது ஃபைல் கொடுத்துவிட்டு இருப்பவர்கள் படத்தை நம்பி இருக்க வேண்டாம். மூல ரசீதைக் கையில் வாங்கி, போன வருட ரசீதின் இலக்கத்தோடு ஒத்துப் பாருங்கள். பிறகு பேர்மிட் இலக்கத்தைக் கொண்டுபோய் மாவட்ட அலுவலகத்தில் நேரே கேளுங்கள். எனக்கு அங்கே ஐந்து நிமிடத்தில் பதில் சொன்னார்கள். போக்குவரத்துத் தாளில் ஏற்றும் இடம், வாகன இலக்கம், திகதி மூன்றையும் டிரைவர்மாருக்கும் வாசித்துக் காட்டுங்கள், சாவடியில் மாட்டுவது அவர்கள்தான். ரோயல்டிக் காசை (மண்ணுக்காக அரசுக்குக் கட்டுகிற காசு) ஒருவரிடமும் கொடுத்துவிடாமல் கவுண்டரில் நீங்களே கட்டுங்கள்.

ஆள் இப்போது வாகரைப் பக்கம் கிறவல் பேர்மிட் எடுத்துத் தருவதாகத் திரிகிறார் என்று கேள்வி. அங்கே சொந்தக்காரர் இருந்தால் இதை அனுப்பி விடுங்கள்.