கல் தவளையின் குறி: ஜூமாவுடன் நெடுநாள் பழக்கம்

ரத்தமும் வெடிச்சத்தமும் இல்லாத சுடும் விளையாட்டு எது என்று யார் கேட்டாலும் நான் தயங்காமல் சொல்வது ஜூமா. பாப்கேப் நிறுவனம் 2003-இல் வெளியிட்ட கணினி விளையாட்டு இது. மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுக்குப் புதுக் கணினி வந்தபோதும் முதலில் ஏற்றியது இதைத்தான். ஹார்பர் லோக்கல் ரயில் நெரிசலில் நசுங்கி வீடு திரும்பும் இரவுகளில், சாப்பாட்டுக்கு முன் இரண்டு ஆட்டம் ஆடினால்தான் எனக்கு மனம் ஆறும்.

நாயகன் ஒரு கல் தவளை. திரையின் நடுவே உட்கார்ந்து, சுழன்று சுழன்று வாயிலிருந்து வண்ணக் கோலிகளைத் துப்பும். சுற்றியுள்ள வளைந்த பாதையில் கோலிச் சரம் ஒன்று ஊர்ந்து வரும். ஒரே நிறக் கோலிகள் மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்தால் உடைந்துவிடும். சரத்தின் தலை, பாதை முடிவிலுள்ள மண்டை ஓட்டை எட்டினால் ஓர் உயிர் போயிற்று.

புதிதாக ஆடுபவர்கள் பயந்துபோய்ச் சரத்தின் தலையையே அடிப்பார்கள். அடிக்க வேண்டியது நடுவில். ஒட்டியிருக்கும் இரண்டு நீலக் கோலிகள், அவற்றுக்கு முன்னால் இரண்டு சிவப்பு, பின்னால் ஒரு சிவப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நீலத்தை அங்கே செருகினால் நீலம் உடையும், இடைவெளி விழும், சிவப்பு சிவப்பை இழுக்க, முன்னால் போன சரம் முழுவதும் சரசரவென்று பின்னோக்கி வந்து மோதும். மூன்று சிவப்பும் உடையும். மண்டை ஓட்டின் வாசல் வரை போன ஆபத்து ஒரே குறியில் விலகிவிடும். நிறங்கள் பொருந்தாவிட்டாலும் நஷ்டமில்லை: பின்பகுதி வந்து தள்ளும் வரை முன்பகுதி அசையாமல் நிற்கும், நமக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். அம்மா இதை என்னைவிட முன்பே பிடித்துக்கொண்டார். இப்போதும் பின்னால் நின்று, "தலையை விடு, நடுவில் அடி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். தவளையின் முதுகில் அடுத்த கோலியின் நிறம் தெரியும். வலது பொத்தானை அழுத்தினால் இரண்டும் இடம் மாறும். இந்த வசதியைப் பயன்படுத்தாமல் ஆடுவது வீண்.

2009-இல் வந்த இரண்டாம் பாகமான ஜூமாஸ் ரிவெஞ்சில் படங்கள் மிக அழகு. சில கட்டங்களில் தவளை பக்கவாட்டில் நகரும், சிலவற்றில் இடம் விட்டு இடம் தாவும். நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் என் ஓட்டு முதலாவதற்குத்தான். இருந்த இடத்தைவிட்டு நகர முடியாது என்பதால்தான் ஒவ்வொரு குறியையும் யோசித்து வைக்கிறோம்.

குறைகளும் உண்டு. முன்பு ஆடிய அதே பாதைகள் வேகத்தையும் நிறங்களையும் கூட்டிக்கொண்டு மறுபடி வருகின்றன. இன்றைய பெரிய திரையில் அந்தக் காலத்துப் படம் மங்கலாகத் தெரிகிறது. வெளிச்சம் குறைத்து வைத்தால் மஞ்சளும் பச்சையும் குழம்பும். மடிக்கணினியின் டச்பேடில் ஆடவே வேண்டாம், தவளை திரும்புவதற்குள் சரம் பாதி தூரம் போய்விடும். சாதாரண மவுஸ் ஒன்று போதும்.