மூன்று ஆண்டு ஆட்டத்தைத் தாங்கிய குடும்ப மதுவிடுதி

மேசையில் சிறு பொம்மைகளை நகர்த்திக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்காக முப்பரிமாண அச்சில் எடுத்த குட்டி விடுதி இது. கீழே கூடம், கல்லா, அடுப்படி. மேலே மூன்று வாடகை அறைகள், ஓரமாக விடுதிக்காரக் குடும்பத்தின் படுக்கையறை. முழுக்க பிஎல்ஏ பிளாஸ்டிக். சிங்கப்பூரில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வாரம் ஒருமுறை என்று மூன்று ஆண்டு ஓடிவிட்டது. அச்சிடலாமா என்றால், தாராளமாக. அச்சுக்கான கணினிக் கோப்பில் இருக்கிறபடியே மட்டும் வேண்டாம்.

முதலில் வாசல். பல கோப்புகளில் கதவு 20 மிமீ அகலந்தான். பொம்மையின் அடித்தட்டோ 25 மிமீ. வீரன் தன் விடுதிக்குள் நுழைய முடியாமல் நிற்பான். வாசலை 28 மிமீக்கு விரித்துக்கொள்ளுங்கள். பொம்மைகள் நகரத் தரையில் போட்ட கட்டங்களின் கோட்டின் மேலேயே சுவர்கள் வர வேண்டும், உள்ளே தள்ளி நின்றால் கூடத்தில் ஒரு வரிசைக் கட்டம் வீண்.

அதிகம் அடிபடுவது கூரை. எல்லாரும் அதைப் புகைபோக்கியைப் பிடித்துத்தான் தூக்குவார்கள், எத்தனை முறை சொன்னாலும். அச்சு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியவை. பக்கவாட்டில் இழுத்தால் அந்த ஒட்டு விடும், புகைபோக்கி அடியோடு கையில் வந்துவிடும். நடுவில் 3 மிமீ துளையிட்டு ஒரு சத்தே குச்சியைக் கூரைக்குள் வரை இறக்கி ஒட்டினால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

மாடியும் கூரையும் தனித்தனியாகக் கழன்று வரும், அவற்றைப் பிடித்துவைக்கக் காந்தம் 5 மிமீ அகலம், 2 மிமீ கனம் போதும். மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே நான்கு மூலையிலும், கூரைக்கு இரண்டே இரண்டு இடத்தில். கூரைக்கும் நான்கு வைத்தால் அதைத் தூக்கும்போது மாடியும் கூடவே எழும், படுக்கையில் கிடந்த பொம்மைகள் எல்லாம் உருளும். ஒட்டுமுன் காந்தங்களை ஒன்றோடொன்று கவ்வவிட்டு, எல்லாவற்றிலும் ஒரே பக்கத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். ஒரு காந்தம் தலைகீழாகப் போனால் கூரையோ மாடியோ அந்த இடத்தில் உட்காராது. சூப்பர் குளூ நொறுங்கும் பசை. அதன் ஆவி வண்ணத்தின் மேல் வெள்ளைப் பூப் பூக்கும். குழியை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி இரண்டைக் கலந்து பூசும் எபாக்ஸி பசை போட்டு, ஒரு நாள் தொடாமல் விடுங்கள்.

இங்கே பெரிய பகை ஈரக்காற்றுதான். மழை விட்ட காலையில் மேட் (பளபளக்காத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தால் கூரை ஓடுகள் சாம்பல் பூசினாற்போல் வெளுக்கும். ஸ்ப்ரேதான் வேண்டும் என்றால் வெயிலடிக்கும் பிற்பகலில் அடியுங்கள். தூரிகையால் மெலிதாக இரண்டு கை பூசுவது அதைவிட மேல். ஏற்கெனவே வெளுத்திருந்தால் பளபளப்பு வார்னிஷை ஒரு கை பூசுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். பிறகு மேட். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையில் வெட்டிய விடுதிகளும் கிடைக்கின்றன. அவற்றின் வெட்டு ஓரங்களை அடைக்காமல் விட்டால் ஊறி உப்பும், டிசம்பர் மழையில் பூஞ்சை பிடிக்கும். பிஎல்ஏவுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் 60 டிகிரியில் இளகும், வெயிலில் நிற்கும் காரில் வைக்கவே கூடாது.

கணப்படுப்புக்கு மஞ்சள் எல்இடி வாங்குங்கள், மின்னணுச் சாமான் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் சில்லறையாகக் கிடைக்கும். மஞ்சளுக்கு 2 வோல்ட் போதும், 3 வோல்ட் பொத்தான் பேட்டரி கடைசிவரை ஈடுகொடுக்கும். வெள்ளை 3 வோல்ட் அருகே கேட்பதால் பேட்டரி சற்று இறங்கினாலே மங்கும். ஆட்டம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றாவிட்டால் தகடு பச்சை பிடிக்கும்.

மேசை நாற்காலிகளை ஒட்ட வேண்டாம். சண்டையில் முதலில் கவிழ்வது அவைதான். அடுப்படிச் சாமான்களை மட்டும் ஒட்டுங்கள்: தொங்கும் வெங்காயச் சரம், மாவு பிசையும் பலகை, கரி படிந்த பானை. சிலர் நேரம் மிச்சமென்று அடுப்படியை விட்டுவிட்டுக் கூடத்தை மட்டும் அச்சிடுகிறார்கள். அது தவறு. ஆட்டக்காரர்கள் விடுதிக்காரம்மாவிடம் பேச வந்து நிற்கும் இடம் கல்லா இல்லை, அந்த அடுப்படி வாசல். மூன்று ஆண்டில் வண்ணம் தேய்ந்து அடியிலிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தெரிவதும் அந்த நிலைப்படியில் மட்டுந்தான்.