மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் வாடகைக்கு வீடு தேடித் தரும் தரகர் ஒருவர்: கூலிக் குடும்பங்களுக்குச் சரிவராது

தங்கச்சி டவுனில் புடவைக் கடையொன்றில் வேலை செய்கிறாள், மச்சான் மேசன், பிள்ளைகள் இரண்டு பேர். அவர்களுக்கு வீடு பார்க்கத்தான் இந்தத் தரகரிடம் போனோம். பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்கிறேன். ஆள் சொன்ன நேரத்துக்கு வருவார், போனில் சொன்ன வீட்டைத்தான் காட்டுவார், சும்மா அலைய விடமாட்டார்.

பிரச்சினை காசில்தான். அவருக்கு ஒரு மாத வாடகை தரகு, வீட்டுக்காரருக்கு ஆறு மாத முற்பணம். 15,000 ரூபா வீடென்றால் சாவி கைக்கு வரமுதலே 105,000 ரூபா வைக்கவேண்டும். தனியார் துறையில் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 2025 ஏப்ரலில்தான் 27,000 ரூபா ஆனது. மாத வாடகையை எப்படியாவது கட்டிவிடுவார்கள், மொத்தமாக ஒரு லட்சத்துக்கு எங்கே போவது? நகையை அடகு வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கிழமைக் கடன்தான். நுண்கடன் எடுத்து எங்கள் ஊர்ப் பெண்கள் பட்ட பாடு போதாதா? முற்பணத்தைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டுப் பாருங்கள் என்றால், 'வீட்டுக்காரர் கேட்கிறார், நான் என்ன செய்ய' என்கிறார். நமக்காகப் பேசத்தானே அவருக்குத் தரகு கொடுக்கிறோம்!

காட்டிய வீடு ஓர் அறையும் குசினியும். சீற் கூரை, மத்தியானத்தில் உள்ளே நிற்க ஏலாது. கிணற்றுத் தண்ணீர் உவர். கரண்டுக்கு உப மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு வீட்டுக்காரர் வைத்ததுதான் விலை. இதெல்லாம் நாங்கள் துருவிக் கேட்டபிறகுதான் வெளியே வந்தது.

வீட்டுத்திட்டம் எத்தனையோ வந்ததே என்பீர்கள். வந்ததுதான். யுத்தத்துக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கொடுத்தார்கள், ஆனால் அது தங்கள் காணியில் கட்டுகிறவர்களுக்கு. இங்கே வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது, மூன்று பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் மூத்தவளுக்குக் கொடுத்தபிறகு கடைசிப் பிள்ளைக்கு ஒரு துண்டுக் காணிகூட மிஞ்சுவதில்லை. காணியில்லாமல் வாடகைக்கு அலைகிறவர்களை யார் கணக்கெடுத்தார்கள்?

கடைசியில் நாவற்குடாவில் ஓர் அம்மாவிடம் நேரே போய்ப் பேசினோம். இரண்டு மாத முற்பணம் போதும், மிச்சத்தை வாடகையோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கோ என்றார். அப்படிக் கேட்டால் சம்மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆகவே கேளுங்கள். முற்பணத்துக்கு எழுத்தில் வாங்குங்கள், குடிபோகிற அன்றே மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள்.

கையில் காசு இருக்கிற அரசாங்க உத்தியோகத்தருக்கு இந்தத் தரகர் பரவாயில்லை. நாள்கூலிக் குடும்பங்களை நான் அங்கே அனுப்பமாட்டேன்.