ஊரடங்கில் மனநல ஆலோசனை: வீடியோ காலா, வெறும் குரலா?

வீட்டைவிட்டு வெளியே போக முடியாத நாட்களில் மனநல ஆலோசனை மூன்று வடிவில் கிடைக்கிறது: வீடியோ கால், வெறும் குரல் அழைப்பு, எழுத்து அரட்டை. நேரில் பார்ப்பதற்கு அடுத்தபடி வீடியோதான் என்று நினைத்து பலரும் அதையே கேட்டு வாங்குகிறார்கள். எங்கள் பரிந்துரை வேறு. முதல் அமர்வை வீடியோவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆலோசகரின் முகம் தெரிந்த பிறகு குரலுக்கு மாறிவிடுங்கள்.

காரணம் எளிது. நெட் சற்றே தாமதித்தாலும் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்திக்கொள்வார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு ஒருவர் மௌனமாக இருக்கும்போது திரை உறைந்துவிட்டதா என்ற சந்தேகம் வந்தால், அந்த மௌனமே வீணாகிறது. திரையின் மூலையில் தன் முகத்தையே 50 நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பதும் தன்னையே குறைசொல்லிக்கொள்ளும் மனத்துக்கு நல்லதல்ல. வீடியோதான் வேண்டும் என்றால் சொந்தப் படத்தை மறைத்துவிடுங்கள். போனைக் கையில் பிடிக்காமல் கண் மட்டத்தில் சாய்த்து வையுங்கள். குழந்தைகளுக்கும், சாப்பாடு தொடர்பான கோளாறு உள்ளவர்களுக்கும் வீடியோ தேவை. அங்கே உடலைப் பார்க்காமல் நிலைமையைக் கணிப்பது கடினம்.

இந்தச் சேவை பெரும்பாலும் தோற்பது தொழில்நுட்பத்தால் அல்ல, வீட்டில் எல்லோரும் இருப்பதால்தான். இயர்போன் ஆலோசகரின் குரலை மட்டுமே மறைக்கும்; நீங்கள் பேசுவது கதவைத் தாண்டிக் கேட்கும். பேச்சை மறைக்க மின்விசிறியையோ ரேடியோவையோ அறைக்குள் வைத்தால் மைக்கில் இரைச்சல்தான் சேரும்; கதவுக்கு வெளியே ஓடவிடுங்கள். மொட்டைமாடி, நிறுத்தியிருக்கும் கார் இரண்டும் நல்ல இடங்கள். யாராவது உள்ளே வந்துவிட்டால் சொல்ல ஒரு சாதாரண வாக்கியத்தை முன்கூட்டியே பேசிவையுங்கள். அதைக் கேட்டதும் 'ஆமாம், இல்லை' என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளுக்கு ஆலோசகர் மாறிவிட வேண்டும்.

நல்ல ஆலோசகரை முதல் 10 நிமிடத்திலேயே அடையாளம் காணலாம். இப்போது எங்கே இருக்கிறீர்கள், அவசரத்துக்கு யாரை அழைக்கலாம் என்று கேட்பார். ஆபத்து வந்தால் உதவியை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அழைப்பு துண்டித்தால் யார் திரும்ப அழைப்பது, உரையாடல் பதிவாகிறதா, குறிப்புகளை யார் பார்ப்பார்கள் என்பதையும் அவரே சொல்வார். இதில் எதையும் பேசாமல் நேரே 'சொல்லுங்க, என்ன பிரச்சினை' என்று தொடங்கும் சேவையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பல சேவைகள் மனச்சோர்வை அளவிடும் பி.எச்.கியூ-9 (PHQ-9) என்ற வினாத்தாளை முதலில் அனுப்புகின்றன. கடந்த 2 வாரங்களைப் பற்றிய 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் அதிகபட்சம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று முறையாக ஆராய வேண்டும். ஆனால் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. தூக்கம், பசி, களைப்பு பற்றிய கேள்விகள் அதில் உண்டு. அண்மையில் கொரோனா போன்ற தொற்று வந்துபோனவருக்கு உடல் காரணத்தாலேயே மதிப்பெண் ஏறும். ஒன்பதாவது கேள்வி தற்கொலை, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியது. அதற்குப் பதில் பூஜ்யம் இல்லையென்றால், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அன்றே நேரடியாகக் கேட்டுப் பேச வேண்டும். மதிப்பெண்ணோடு ஒரு சிரிப்புப் படத்தை அனுப்பிவிட்டு நகரும் செயலிகள் இங்கே பெரும் தவறு செய்கின்றன.

வாரத்தில் 50 நிமிடம் பேசிவிட்டு, மீதி நேரத்துக்கு ஒன்றும் தராத சேவை ஆறுதல் தரும், மாற்றம் தருவது அரிது. அமர்வு முடியும்போது கையில் எழுதப்பட்ட திட்டம் இருக்க வேண்டும்: தினமும் ஒரே நேரத்தில் எழுவது, செய்திகளை நாளுக்கு இருமுறை மட்டும் பார்ப்பது, கவலைப்படுவதற்கென்றே மாலையில் 15 நிமிடம் ஒதுக்கி, அப்போது எழுதிவைப்பது. படுத்துச் சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்துவிட வேண்டும். ஒற்றை அறை வீட்டில் எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. படுக்கையைச் சுருட்டி வைத்துவிட்டு அறையின் மறுபக்கம் உட்கார்ந்தாலே போதும். ஆழ்ந்த மூச்சுப் பயிற்சியை எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுப்பதும் சரியல்ல. மூச்சுத்திணறலோடு நோயைக் கடந்தவருக்கு மூச்சைக் கவனிப்பதே பீதியைக் கிளப்பக்கூடும். அவருக்குப் பாதம் தரையில் அழுந்துவதைக் கவனிக்கும் பயிற்சி பொருந்தும்.

எழுத்து அரட்டை மெதுவானது. ஒரு மணி நேரத்தில் கொஞ்சமே பேச முடியும். ஆனால் வீட்டிலேயே அடித்துத் துன்புறுத்துபவர் இருக்கும்போது பெரும்பாலும் அதுதான் ஒரே வழி. அப்போதும் போனை வேறொருவர் எடுத்துப் பார்ப்பாரா என்பதைத்தான் முதலில் பேச வேண்டும்.

தொலைவிலிருந்து செய்யக்கூடாதவையும் உண்டு. திட்டமிட்ட தற்கொலை எண்ணம், இல்லாத குரல் கேட்பது, பல நாள் தூக்கமே இல்லாத மிகை உற்சாகம் ஆகியவற்றுக்கு மருத்துவமனைதான். ஊரடங்கில் இன்னொன்றும் சேர்கிறது: மது கிடைக்காமல் போவது. தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும், அதன்பின் மனக்குழப்பமும். ஆலோசகர் பேச்சால் இதைத் தடுக்க முடியாது, மருந்து வேண்டும். குடிப்பழக்கம் பற்றி முதல் அமர்வில் அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.