யாங்கோனிலிருந்து ஜாங்கோ: ஆவணங்களை மட்டும் நம்பிக் கற்ற அனுபவம்

பைத்தான் மொழியில் வலைத்தளங்களைக் கட்ட உதவும் ஜாங்கோவை நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. அதன் அதிகாரப்பூர்வ ஆவணங்களை வைத்தே கற்றேன், சில வருடங்களாக அதை வைத்தே வேலையும் பார்க்கிறேன். மியான்மரின் யாங்கோனில் கரண்ட் எப்போது போகும், நெட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீடியோ பார்த்துக் கற்பது இங்கே நடக்கிற காரியமில்லை. அதனால் முதல் பாராட்டு இதற்குத்தான்: ஜாங்கோ ஆவணங்கள் முழுவதையும் பிடிஎஃப், ஈபப், எச்டிஎம்எல் என்று எந்த வடிவிலும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு வேண்டிய எஸ்கியூலைட் டேட்டாபேஸ் பைத்தானோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. ஜாங்கோவை ஒருமுறை நிறுவிவிட்டால், லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும்வரை பாடம் நடக்கும்.

வாக்கெடுப்புச் செயலி ஒன்றைக் கட்டுவதுதான் ஆவணங்களில் உள்ள தொடக்கப் பயிற்சிப் பாடம். தொடக்கம் இதமாகவே போகிறது. மாடல் (தரவின் வடிவத்தைச் சொல்லும் கோடு) எழுதி, மைக்ரேஷன் ஓட்டி (அதை டேட்டாபேஸ் டேபிள்களாக்கி), அட்மின் பக்கம் திறந்ததும் மனசு நிறைந்துவிடும். திணறல் ஆரம்பிப்பது அதே இரண்டாம் பகுதியில், கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் ஷெல்லுக்குள் போகும்போது. நாம் எழுதியது கேள்விக்கு ஒரு மாடல், சாய்ஸுக்கு ஒரு மாடல், அவ்வளவுதான். திடீரென்று கேள்வியிடம் ‘சாய்ஸ்_செட்’ என்ற ஒன்றைக் கேட்கச் சொல்கிறார்கள். நம் கோடில் எங்கே தேடினாலும் அந்தப் பெயர் இல்லை. சாய்ஸிலிருந்து கேள்விக்கு ஒரு ஃபாரின் கீ (இணைப்பு) வைத்தாலே, எதிர்த்திசையில் போவதற்கான வழியை ஜாங்கோ தானாகப் போட்டுவிடுகிறது; மாடலின் பெயரைச் சிறிய எழுத்தில் எடுத்து, பின்னால் ‘_செட்’ ஒட்டுகிறது. பாடத்தில் இதற்கு ஒரு சின்னக் குறிப்பு உண்டு. ஆனால் பெயர் உருவாகும் விதி என்ன, வேண்டாமென்றால் ‘ரிலேட்டட்_நேம்’ கொடுத்து எப்படி மாற்றுவது என்பதெல்லாம் வேறு பக்கங்களில் கிடக்கிறது.

நான்காம் பகுதியில் இது இன்னும் கூடுகிறது. அதுவரை கைப்பட எழுதிய வியூக்களை (பக்கத்தைத் தயாரித்துத் தரும் கோடு) எடுத்துவிட்டு, ஜாங்கோவிலேயே தயாராக உள்ள ஜெனரிக் வியூக்களைப் போடச் சொல்கிறார்கள். பக்கத்தின் அச்சான டெம்ப்ளேட்டின் பெயரையும் அதற்குள் போகும் வேரியபிளின் பெயரையும் நாம் சொல்லாவிட்டால் இனி ஜாங்கோவே ஊகித்துக்கொள்ளும். வேலை தெரிந்தவருக்கு இது வரம். புதியவருக்கோ, கோடு ஏன் ஓடுகிறது என்பதே புரியாமல் போகிற இடம். நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளை இந்த இடத்தில் நிறுத்தி, பழைய வியூவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படிக்க வைப்பேன். அவசரப்பட்டுத் தாண்டினால் பின்னால் எல்லாமே மந்திரமாகத் தோன்றும்.

ஆவணம் எழுதியவர்களுக்குப் புதியவரின் சிரமம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. நேர மண்டலத்தைப் பாருங்கள். புது ப்ராஜெக்ட் யூடிசியில்தான் (உலகப் பொது நேரத்தில்) வரும். நமக்கு அது ஆறரை மணி நேர வித்தியாசம். மாற்றாமல் விட்டால், நீங்கள் சர்வர் நேரத்தைவிட 6.5 மணி நேரம் முன்னால் இருக்கிறீர்கள் என்று அட்மின் பக்கமே எச்சரிக்கும். பாடத்திலும் ‘டைம்_ஸோன்’ அமைப்பை மாற்றச் சொல்லும் வரி சரியான இடத்தில் இருக்கிறது. ‘ஏசியா/யாங்கோன்’ என்று போட்டால் முடிந்தது.

அந்த அக்கறை, பயனர் விவரங்களை வைக்கும் யூசர் மாடலில் இல்லை என்பதுதான் என் பெரிய மனக்குறை. கோயில் அன்னதானத்துக்கு நன்கொடை தருபவர்கள் தாங்களே உள்ளே வந்து பார்க்கும்படி ஒரு பதிவேடு செய்துகொண்டிருந்த தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணே, முதல் பேரு, கடைசிப் பேருன்னு ரெண்டு கட்டம் இருக்கு. நம்ம ஆளுங்க பேர இதுல எப்படிப் போடுறது?” நியாயமான கேள்வி. பர்மியப் பெயர்களில் குடும்பப் பெயர் என்பதே கிடையாது. இங்குள்ள தமிழர்களான நம்மவர்களில் பலருக்குக் காகிதத்தில் பர்மியப் பெயர், வீட்டிலும் கோயிலிலும் தமிழ்ப் பெயர். இரண்டுக்கும் இடம் வேண்டும், கடைசிப் பெயர் வேண்டாம்.

இதற்கு வழி ஜாங்கோவிலேயே உண்டு. புது ப்ராஜெக்ட் என்றால் சொந்த யூசர் மாடலை முதலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஆவணம் சொல்கிறது. டேபிள்கள் உருவான பிறகு மாற்றுவது கஷ்டம், ஸ்கீமாவை (டேபிள்களின் அமைப்பை) கையால் சரிசெய்ய வேண்டிவரும் என்றும் சொல்கிறது. சொல்வது எங்கே? ஆதென்டிகேஷனை (உள்நுழைவுச் சரிபார்ப்பை) மாற்றியமைப்பது பற்றிய பக்கத்தின் நடுவில். முதல் மைக்ரேட்டுக்கு முன்னால் எடுக்க வேண்டிய முடிவு இது. பயிற்சிப் பாடமோ இதைத் தொடாமலே முதல் மைக்ரேட்டை ஓட்டச் சொல்கிறது. அந்த இடத்தில் ஒரே ஒரு வரி, ஒரு சுட்டி இருந்தால் எத்தனை பேருக்கு வேலை மிச்சமாகும்! தம்பி நல்ல நேரத்தில் கேட்டார். டேட்டாபேஸில் அப்போது சோதனைப் பதிவுகள்தான் இருந்தன. அழித்துவிட்டு, சொந்த மாடலோடு புதிதாகத் தொடங்கினோம்.

பழைய பதிப்புகளின் தொல்லையும் உண்டு. பக்க முகவரிகளை எழுதும் ‘பாத்’ முறையை 2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0-தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய கட்டுரைகள் ரெகெக்ஸ் (எழுத்து வடிவங்களைக் குறிக்கும் குறியீடு) வைத்து எழுதிய ‘யூஆர்எல்’ முறையில் இருக்கும். அது 4.0-வில் நீக்கப்பட்டுவிட்டதால் இன்று அப்படியே ஓடாது. நண்பரிடமிருந்து பென்டிரைவில் பிடிஎஃப் வாங்குபவர்கள் முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். இப்போது தொடங்குபவருக்கு நான் 5.2-ஐச் சொல்வேன். நீண்டகால ஆதரவுப் பதிப்பு அது, 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். நெட் நன்றாக இருக்கும் ஒரு நாளில் அதன் ஆவணத்தை இறக்கிவிட்டு, யூசர் மாடல் பகுதியை முதலில் படியுங்கள். பயிற்சிப் பாடத்தை அப்புறம் திறக்கலாம்.