ஹாஸ்டல் ரூம்ல பாடி ஃபேட் வெயிங் மெஷின், நாலு மாச அனுபவம்

யுனிவர்சிட்டி சேர்ந்த முதல் வருஷமே எனக்கு நல்லா வெயிட் போட்டுடுச்சு, அதான் நானும் ரூம்மேட்டும் காசு சேர்த்து ஒரு ஸ்மார்ட் வெயிங் மெஷின் வாங்கினோம். வெறுங்காலோட ஏறி நின்னா எடை, கொழுப்பு, தசை, எலும்பு, "உடல் வயசு"ன்னு 13 நம்பரை போன் ஆப்ல காட்டுமே, அந்த வகை.

எடை காட்டறதுல குறையே சொல்ல மாட்டேன். மேட் மேல வைக்காம கெட்டியான சமதளமான தரையில வச்சா எத்தனை தடவ ஏறினாலும் ஒரே நம்பர்தான் வரும், பேட்டரியும் இன்னும் மாத்தல.

கொழுப்பு கதைதான் வேற. பாதம் வழியா லேசா கரண்ட் அனுப்பி அது எவ்ளோ தடைபடுதுன்னு பார்க்குது, தசையில தண்ணி ஜாஸ்திங்கறதால கரண்ட் சுலபமா போகும், கொழுப்புல போகாது, அதை வச்சு நம்ம உயரம் வயசெல்லாம் சேர்த்து ஒரு கணக்கு போடுது, அவ்ளோதான். கரண்ட் பெரும்பாலும் கால் வழியா மட்டும் போய் வர்றதால இடுப்புக்கு மேல இருக்கறதெல்லாம் உத்தேசம்தான். நான் ஒரு நாள் ஏறி நின்னு கொழுப்பு 31.2% பார்த்தேன், இறங்கி ஆப்ல "அத்லெட் மோட்" (நிறைய எக்சர்சைஸ் பண்றவங்களுக்கான செட்டிங்) மட்டும் ஆன் பண்ணி திரும்ப ஏறினேன், 25.9%. ஒரு நிமிஷத்துல எந்த கொழுப்பு கரையும் சொல்லுங்க? அன்னைலேர்ந்து அந்த நம்பரை நான் பார்க்கறதே இல்ல.

எனக்கு உண்மையிலயே கோவம் வந்தது எக்ஸாம் டைம்லதான். ஆறு நாள்ல 1.8 கிலோ குறைஞ்சுது, ஆப் பச்சை அம்புக்குறி போட்டு "வாழ்த்துகள்"னு ஒரு பேட்ஜ் குடுத்துச்சு. ஆனா அந்த வாரம் நான் காலைல சாப்பிடவே இல்ல, மதியம் பாதி நாள் பிஸ்கட், நைட் பூரா காபி, நாலு மணி நேரம் தூக்கம். ஒரு கிலோ கொழுப்பு கரையணும்னா கிட்டத்தட்ட 7,700 கலோரி குறையணும், 1.8 கிலோன்னா 13,860, ஒரு நாளைக்கு 2,000 கலோரி செலவாகற உடம்பு ஆறு நாளும் பட்டினி கிடந்தாக்கூட அவ்ளோ வராது. போனதுல முக்கால்வாசி உடம்புல சேமிச்சு வச்சிருந்த மாவுச்சத்தும் அது கூடவே இருக்கற தண்ணியும்தான், ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சதும் அஞ்சே நாள்ல திரும்பிடுச்சு. பட்டினி கிடக்கற ஸ்டூடண்டுக்கு பேட்ஜ் குடுக்கறது ரொம்ப தப்பு, இதை கம்பெனிக்கும் எழுதி அனுப்பியிருக்கேன்.

ரூம்மேட் விஷயம் இன்னும் மோசம். அவ 156 செமீ, 50 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடையான்னு பார்க்கற கணக்கு) 20.5, 18.5லேர்ந்து 25க்குள்ள இருக்கறதால எப்பவும் பச்சை, "நார்மல்". ஆனா ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்கும், கிளாஸ்ல தலைய தொங்கப்போட்டு தூங்கிடுவா, சீப்புல கொத்து கொத்தா முடி. "வெயிட் கரெக்டா இருக்கே, எனக்கென்னடி"ன்னே சொல்லிட்டிருந்தா. கெஞ்சி ரத்த டெஸ்டுக்கு கூட்டிட்டு போனேன், இரும்புச்சத்து இருந்தாத்தான் ரத்தத்துல உருவாகற ஹீமோகுளோபின் வெறும் 9.4. பொண்ணுங்களுக்கு 12க்கு கீழ போனாலே ரத்த சோகை. அவளுக்கு இரும்புச்சத்து இல்லன்னு எந்த வெயிங் மெஷினாலயும் சொல்ல முடியாது, எடையும் சத்தும் ஒண்ணு இல்ல, இது தெரியாமத்தான் நாங்க ரெண்டு பேரும் மூணு மாசம் அந்த பச்சை கலரை நம்பி உட்கார்ந்திருந்தோம்.

வாங்கலாமான்னு கேட்டா, எடை மட்டும் தெரிஞ்சா போதும்னா சாதாரண டிஜிட்டல் மெஷினே வாங்குங்க, மிச்சமாகற காசுல ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துக்கோங்க. மெஷின் உடம்புக்குள்ள கரண்ட் அனுப்பறதால, பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பை சீராக்கற கருவி) வச்சிருக்கறவங்க கண்டிப்பா இந்த வகை மெஷின்ல ஏறக்கூடாது. சாப்பாட்டை நினைச்சாலே பயப்படற, ஒரு நாளைக்கு நாலு தடவ வெயிட் பார்க்கற ஃப்ரெண்டு யாராவது ரூம்ல இருந்தா தயவுசெஞ்சு இதை ரூமுக்குள்ளயே கொண்டு வராதீங்க.

ஆப் நோட்டிஃபிகேஷனை மொத்தமா ஆஃப் பண்ணிட்டேன், ஞாயித்துக்கிழமை காலைல வெறும் வயித்துல ஒரே ஒரு தடவ பார்த்துட்டு மெஷினை கட்டிலுக்கு அடியில தள்ளிடறேன். ரூம்மேட் மாத்திரை எடுத்துட்டிருக்கா, அடுத்த மாசம் திரும்ப டெஸ்ட், நானும் கூட போறேன்.

எடைக்கு 5க்கு 4, மத்ததுக்கெல்லாம் 1.